கருவறையில் ஆன்மா, சட்டப்புத்தகத்தில் ஆன்மா

2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த ஒரு வழக்கை நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 27 வயதுப் பெண், இரண்டு குழந்தைகளின் தாய். இரண்டாம் பிரசவத்திற்குப் பின் ஏற்பட்ட மனநோய்க்குச் சிகிச்சை பெற்று வந்தவர். தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் மாதவிலக்கு நின்றிருந்ததால் தாம் மீண்டும் கருவுற்றதையே வெகு தாமதமாகத்தான் அறிந்தார். அக்டோபர் 9 அன்று இரு நீதிபதிகள் கருக்கலைப்புக்கு அனுமதி தந்தனர். மறுநாள் எய்ம்ஸ் மருத்துவர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது: கரு உயிர் பிழைக்கும் வாய்ப்பு இருக்கிறது, அதன் இதயத்துடிப்பை நிறுத்திவிட்டு வெளியே எடுப்பதா, வேண்டாமா? 11ஆம் தேதி அதே இருவரும் இரண்டாகப் பிரிந்தனர். எந்த நீதிமன்றம் ஓர் இதயத்துடிப்பை நிறுத்தச் சொல்லும் என்று நீதிபதி ஹிமா கோலி கேட்டார். அந்தப் பெண்ணின் முடிவே மதிக்கப்பட வேண்டும் என்று நீதிபதி நாகரத்னா நின்றார். 16ஆம் தேதி மூவர் அமர்வு அனுமதியை மறுத்தது. கருவின் வயது 26 வாரங்களும் 5 நாட்களும். சட்டம் அனுமதிக்கும் 24 வாரங்கள் கடந்துவிட்டன. தாயின் உயிருக்கு உடனடி ஆபத்தில்லை. கருவில் குறைபாடு இல்லை என்பவை சொல்லப்பட்ட காரணங்கள்.

இந்தத் தீர்ப்பில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் நான் எழுத வந்தது தீர்ப்பைப் பற்றியல்ல. அதை வரவேற்றவர்களில் ஒரு சாரார் சொன்ன காரணத்தைப் பற்றி. “கருவில் ஆன்மா இருக்கிறது என்பதை ஒரு வழியாக நம் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது, இனி இந்த விவாதத்தை மேற்கத்திய உரிமை மொழியில் நடத்தாமல் நம்முடைய மொழியில் நடத்தலாம்” என்பது அவர்கள் தரப்பு. நீதிமன்றம் அப்படி எதையும் ஒப்புக்கொள்ளவில்லை என்பது ஒருபுறமிருக்கட்டும். அந்த ‘நம்முடைய மொழி’ என்ன சொல்கிறது என்று அவர்கள் உண்மையிலேயே ஒருமுறை புரட்டிப் பார்த்தார்களா என்பதே என் ஐயம்.

முதலில் மொழியிலிருந்தே தொடங்குவோம். ‘உயிர்’ என்ற சொல் தமிழில் இரண்டு வேலை செய்கிறது. உயிருள்ள பொருளின் இயக்கமும் உயிர். உடம்பை விட்டுப் பிரிந்தும் நிலைப்பதாக நம்பப்படுகிற ஆன்மாவும் உயிர். சைவ சித்தாந்தம் பேசுவோர் ‘பசு’ என்னும் இடத்திலெல்லாம் ‘உயிர்’ என்று சொல்லிப் போக முடிகிறது. இது மொழியின் வளம்தான், மறுக்கவில்லை. ஆனால் விவாதத்தில் இதுவே ஒரு கள்ளக்கதவாகிறது. “கருவில் உயிர் இருக்கிறது” என்று ஒருவர் சொல்லும்போது அதை யாரும் மறுக்க முடியாது. கருவுற்ற முட்டை உயிருள்ளது, கருவுறாத முட்டையும் உயிருள்ளது, விந்தணுவும் அப்படியே. அந்த ஒப்புதலை வாங்கிக்கொண்டு அடுத்த வாக்கியத்தில் அவர் ஆன்மாவைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிடுகிறார். கேட்பவருக்கு எப்போது எதற்குத் தலையாட்டினோம் என்றே தெரிவதில்லை. நம் இலக்கியக் கூட்டங்களில் இந்த வித்தையைப் பலமுறை பார்த்தாயிற்று.

சரி, ஆன்மா என்றே வெளிப்படையாகப் பேசுவோம். அது கருவில் எப்போது புகுகிறது?

சரக சம்ஹிதை ஆணின் விந்தும் பெண்ணின் சோணிதமும் கூடும் அப்போதே ஜீவனும் இறங்குவதாகச் சொல்கிறது. கர்ப்ப உபநிஷத்து ஏழாம் மாதத்தில் ஜீவன் சேர்வதாகச் சொல்கிறது. சுசுருத சம்ஹிதை நான்காம் மாதத்தை முக்கியமாகக் கொள்கிறது. அந்த மாதத்தில்தான் கருவின் இதயம் வெளிப்படுகிறது, சேதனமும் தெளிவடைகிறது. எனவே அப்போது அந்தப் பெண் இரண்டு இதயங்கள் உடையவள், ‘தௌஹ்ருதினி’. இதிலிருந்து சுசுருதர் என்ன முடிவுக்கு வருகிறார் என்பதுதான் அழகு. அவளுடைய ஆசைகளை மறுக்கக்கூடாது என்கிறார். மசக்கையில் அவள் கேட்பதை வாங்கிக் கொடு என்று நம் பாட்டிமார் சொன்னதன் சாஸ்திர வடிவம் இது. இரண்டு இதயங்கள் என்ற கருத்து அந்த நூலில் தாயின் விருப்பத்துக்கு வலுவாகிறது. நம் காலத்திலோ அதே இரண்டாவது இதயத்தைக் காட்டித் தாயின் விருப்பத்தைத் தள்ளுபடி செய்கிறோம். மரபை மேற்கோள் காட்டுவோர் இந்த இடத்தையும் சேர்த்துக் காட்டினால் நன்றாக இருக்கும்.

மற்ற மரபுகளிலும் ஒருமித்த பதில் கிடையாது. அரிஸ்டாட்டில் ஆண் கருவுக்கு 40 நாள், பெண் கருவுக்கு 90 நாள் என்று கணக்கு வைத்தார் (கருவிலேயே பெண்ணுக்குத் தாமதம்!). தாமஸ் அக்வினாஸ் அந்த வழியிலேயே, அறிவுள்ள ஆன்மா தொடக்கத்தில் அல்ல, உடல் உருவாகிய பின்பே தரப்படுகிறது என்றார். கத்தோலிக்கத் திருச்சபை தண்டனை விதிகளில் ‘ஆன்மா பெற்ற கரு, பெறாத கரு’ என்ற வேறுபாட்டைக் கைவிட்டது 1869இல்தான். 1974இல் வத்திக்கான் வெளியிட்ட கருக்கலைப்பு பற்றிய அறிக்கை இன்னும் சுவையானது: ஆன்மா எந்தக் கணத்தில் புகுகிறது என்ற கேள்வியில் மரபு ஒருமித்துப் பேசவில்லை, ஆகவே அதை ஒதுக்கி வைக்கிறோம் என்று அடிக்குறிப்பில் சொல்லிவிடுகிறது. யூதர்களின் தால்முது 40 நாள் வரை கருவை வெறும் நீராகக் கருதுகிறது. இஸ்லாமிய மரபில் 120ஆம் நாளில் வானவர் உயிரை ஊதுவதாகக் கூறும் நபிமொழி பெரிதும் அறியப்பட்டது; ஆனால் அதே நபிமொழியைக் கையில் வைத்துக்கொண்டு ஹனஃபி அறிஞர்களில் ஒரு பகுதியினர் அதற்கு முன் தகுந்த காரணத்தோடு கலைக்கலாம் என்றனர், மாலிக்கி அறிஞர்கள் பெரும்பாலும் கூடாது என்றனர்.

பௌத்தம் இன்னொரு பாடம். நிலையான ஆன்மாவே இல்லை என்பது அதன் அடிப்படை. ஆனாலும் விநய விதிகளில், ஒரு பிக்கு வேண்டுமென்றே கருச்சிதைவு செய்வித்தால் சங்கத்திலிருந்து நீங்க வேண்டியதுதான். ஆன்மாவை நம்புகிறவர்களில் அனுமதிக்கிறவர்கள் உண்டு. ஆன்மாவையே நம்பாதவர்களில் தடுக்கிறவர்கள் உண்டு. அப்படியானால் அனுமதியையும் தடையையும் ஆன்மா தீர்மானிக்கவில்லை. அது வேறு எங்கோ எடுக்கப்பட்ட முடிவுக்குப் பின்னர் சாட்சிக்கூண்டில் ஏற்றப்படுகிறது என்றுதானே பொருள்?

நம் மரபில் சிக்கல் இன்னும் ஆழமானது. ஆன்மா மனிதனுக்கு மட்டும் உரியது என்று இங்கே யாரும் சொன்னதில்லை. தொல்காப்பியம் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிராக வைத்து மனிதனை ஆறாம் படியில் நிறுத்துகிறது. வேறுபாடு அறிவின் எண்ணிக்கையில், உயிர் இருப்பதில் அல்ல. சமணம் கிழங்கிலும் நீரிலும் காற்றிலும்கூட உயிர்களைக் கண்டது. ஆன்மா இருக்கிறது என்பதாலேயே ஒன்றைச் சட்டம் காக்க வேண்டுமென்றால் உருளைக்கிழங்கு விற்பவர் மீது முதலில் வழக்குப் பதிய வேண்டும். கேலிக்காகச் சொல்லவில்லை. ஒரு சமணத் துறவி அந்த நம்பிக்கைக்கு உண்மையாக வாழ்ந்து காட்டுகிறார், அவரை வணங்குகிறேன். அவர் காய்கறிச் சந்தையை மூடச் சொல்லி வழக்குத் தொடுப்பதில்லை என்பதையும் கவனிக்கிறேன்.

சைவ சித்தாந்தத்துக்கு வந்தால், பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி. ஆன்மா பிறப்பதுமில்லை, அழிவதுமில்லை. அப்படிப்பட்ட ஒன்றைக் கருக்கலைப்பு எப்படிக் ‘கொல்லும்’? இதற்கு ஒரு பதில் உண்டு, தகுதியான பதில். மலம் நீங்குவதற்காக இறைவன் கொடுத்த கருவி உடம்பு, அந்தக் கருவியைப் பறிப்பது பாவம் என்பார்கள். திருவாசகத்தின் போற்றித் திருவகவலில் கருவானது மாதந்தோறும் ஒவ்வோர் ஆபத்திலிருந்து பிழைத்து வருவதை மாணிக்கவாசகர் வரிசைப்படுத்தும்போது, பிறவி கிடைப்பது எத்தனை அரிது என்ற உணர்வு படிப்பவரைப் பிடித்துக்கொள்கிறது. அதை நான் உயர்ந்த கவிதையாகவே வாசிக்கிறேன். ஆனால் பிழைத்து வந்த உயிர் தன் இறைவனிடம் பேசும் பேச்சு அது. ஒரு மாவட்ட மருத்துவக் குழு அதை வைத்து என்ன செய்யும்?

இங்கே ஒரு கூர்மையான மறுப்பு எழும், எழ வேண்டும். “ஆன்மாவை விலக்கிவிட்டால் கொலை ஏன் குற்றம்? பிறந்த மனிதனைக் காக்கவும் உங்களிடம் ஆதாரம் இல்லாமல் போகுமே?” இதற்கு நேரடியாகவே பதில் சொல்லலாம். நம் நாட்டுக் கொலை வழக்கு எதிலாவது, இறந்தவருக்கு ஆன்மா இருந்தது என்று அரசு வழக்கறிஞர் நிரூபித்ததுண்டா? இறந்தவர் சார்வாகராக இருந்திருந்தால் தண்டனை குறையுமா? கொலை குற்றமாவது, அஞ்சவும் நினைவு வைத்திருக்கவும் நாளையை எண்ணவும் கூடிய ஒருவரிடமிருந்து அவை எல்லாம் பறிக்கப்படுவதால். அவரைச் சுற்றி இருப்பவர்கள் பாதுகாப்பிழப்பதால். சொல்லப்போனால் ஆன்மா அழிவற்றது என்ற கொள்கைதான் கொலையின் கொடுமையைக் குறைத்துக் காட்டும் அபாயம் கொண்டது. போர்க்களத்தில் தயங்கி நின்ற ஒருவனைச் சண்டைக்கு எழுப்ப அந்தக் கொள்கை பயன்பட்டதை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம்.

ஆன்மாவைச் சட்டத்துக்குள் அழைக்காதீர்கள் என்று நான் சொல்வதைப் படித்து, அது இதுவரை வெளியே நின்றதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். அது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, அதுவும் மிகப் பழைய சரக்காக. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், 312ஆம் பிரிவு: தாயின் உயிரைக் காக்கும் நல்லெண்ணமின்றிக் கருச்சிதைவு செய்வோருக்கு 3 ஆண்டு வரை சிறை, அந்தப் பெண் கருவின் அசைவை உணரும் நிலையை எட்டியிருந்தால் 7 ஆண்டு வரை. இந்த அசைவுக்கு ஆங்கிலச் சட்டம் பயன்படுத்தும் சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் ‘உயிருள்ள’ என்பதே பொருள். அரிஸ்டாட்டிலிடமிருந்து திருச்சபைக்கும், அங்கிருந்து இடைக்கால ஆங்கிலப் பொதுச் சட்டத்துக்கும் வந்த கருத்து அது: அசைவே ஆன்மா புகுந்ததற்கான அடையாளம். இங்கிலாந்து 1803இல் சட்டமாக எழுதிய இந்த வேறுபாட்டை 1837இலேயே நீக்கிவிட்டது. நீக்கி 23 ஆண்டுகள் கழித்து அதை நமக்குக் கப்பலேற்றியது. நாமோ 2023இல் காலனியச் சின்னங்களை அகற்றுவதாகச் சொல்லிப் பாரதிய நியாய சன்ஹிதாவை இயற்றியபோது, 312 என்ற எண்ணை 88 என்று மாற்றி, அந்தச் சொற்களை அப்படியே வைத்துக்கொண்டோம். ‘நம்முடைய மொழி’ என்று முழங்குகிறவர்கள் தூக்கிப் பிடிக்கும் ஆன்மா இருக்கட்டும். நம் சட்டத்தில் இன்று வாழும் ஆன்மா கிரேக்கத்தில் பிறந்து ரோமாபுரியில் வளர்ந்தது.

அந்தப் பிரிவின் விளக்கம் இன்னொன்றையும் சொல்கிறது: தன் கருவைத் தானே சிதைத்துக்கொள்ளும் பெண்ணும் குற்றவாளிதான். 1964இல் அமைக்கப்பட்ட சாந்திலால் ஷா குழுவின் பரிந்துரையின் மீது 1971இல் வந்த கருக்கலைப்புச் சட்டம் இந்தக் குற்றத்தை நீக்கவில்லை. அதிலிருந்து சில கதவுகளைத் திறந்துவிட்டது, அவ்வளவே. 2021 திருத்தம் குறிப்பிட்ட சில வகைப் பெண்களுக்கு வரம்பை 20 வாரத்திலிருந்து 24 ஆக்கியது. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மணமாகாத பெண்களையும் அதற்குள் சேர்த்தது. கதவுகள் அகலமாயின. ஆனால் வீடு இன்னமும் அதே வீடு. ஒரு பெண் மருத்துவரின் அனுமதியின்றி இங்கே தன் உடலைப் பற்றி முடிவெடுக்க முடியாது.

ஆன்மா என்ற சொல் கூச்சமளிக்கும் இடங்களில் இப்போது ‘இதயத்துடிப்பு’ வந்து அமர்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2021 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் ஏறத்தாழ ஆறாவது வாரத்தோடு கருக்கலைப்பை நிறுத்தியது, துடிப்பு கேட்கிறது என்ற காரணம் காட்டி. ஆறாவது வாரத்தில் இதயம் என்பது நான்கு அறைகளும் வால்வுகளும் இன்னும் உருவாகாத ஒரு குழாய்; கருவியில் பதிவாவது அதன் திசுக்களின் இயக்கம். ஆனால் ‘துடிப்பு’ என்றதும் நமக்குள் ஏதோ இளகுகிறது. அறிவியலின் அங்கி அணிந்த ஆன்மா அது. அலபாமாவில் அங்கியும் தேவைப்படவில்லை. 2024 பிப்ரவரியில் உறைநிலையில் சேமிக்கப்பட்ட கருக்களும் குழந்தைகளே என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, தலைமை நீதிபதி தம் தனிக் கருத்துரையில் ஆதியாகமத்தையும் அக்வினாஸையும் கால்வினையும் மேற்கோள் காட்டினார். விளைவு, குழந்தைக்காக ஏங்கிச் செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சைக்கு வந்த தம்பதியரைப் பல மருத்துவமனைகள் திருப்பி அனுப்பின. மார்ச் மாதம் அவசரமாக ஒரு பாதுகாப்புச் சட்டம் போட வேண்டியிருந்தது. கருவுற்ற முதல் இரண்டு வாரங்களில் ஒரு கரு இரட்டைக் கருக்களாகப் பிரியக்கூடும் என்பதும், அப்படிப் பிரிந்தால் அந்த ஆன்மா பாதியாகிறதா, புதிதாக ஒன்று வருகிறதா என்பதும் தத்துவ வகுப்பில் பேச மிகச் சிறந்த கேள்விகள். வகுப்பில்.

இதயத்துடிப்பு என்று சொல்லும்போது எனக்கு சவிதா ஹலப்பனவர் நினைவுக்கு வராமல் போவதில்லை. கர்நாடகத்தைச் சேர்ந்த பல் மருத்துவர், 31 வயது, அயர்லாந்தின் கால்வே நகரில் வசித்தவர். 2012 அக்டோபரில் 17 வாரக் கருவுடன் மருத்துவமனைக்குப் போனார். கருச்சிதைவு தவிர்க்க முடியாதது என்று மருத்துவர்களுக்கே தெரிந்தது. கருவை எடுத்துவிடும்படி அவர் கேட்டார். கருவின் இதயம் துடித்துக்கொண்டிருந்ததால் மறுத்தார்கள். தாம் கத்தோலிக்கர் அல்லர் என்றும் சவிதா சொல்லிப் பார்த்ததாகக் கணவர் கூறினார். இது கத்தோலிக்க நாடு என்று தாம் சவிதாவிடம் சொன்னதைப் பின்னர் மரண விசாரணையில் ஒரு செவிலியர் ஒப்புக்கொண்டார். அக்டோபர் 28 அன்று இரத்தத்தில் நச்சுத்தொற்று பரவி சவிதா இறந்தார். கருவும் பிழைக்கவில்லை, பிழைக்க முடியாது என்பது முதல் நாளே தெரிந்ததுதான். கருவின் உயிருக்கும் தாயின் உயிருக்கும் சம உரிமை என்று 1983இல் அயர்லாந்து தன் அரசியல் சாசனத்தில் எழுதி வைத்த ஒரு வாக்கியத்தின் நிழலில் இது நடந்தது. 2018 மே 25இல் நடந்த பொது வாக்கெடுப்பில் 66.4 விழுக்காட்டினர் அந்த வாக்கியத்தை நீக்க வாக்களித்தனர். வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கராகப் பிறந்தவர்கள்தாம். அவர்கள் ஆன்மாவில் நம்பிக்கை இழந்துவிட்டதாக நான் எண்ணவில்லை.

“அப்படியானால் பெண் கருக்களைக் கலைப்பதை எந்த முகத்தோடு எதிர்ப்பீர்கள்?” என்று கேட்கப்படும். இந்தக் கேள்வியை வரவேற்கிறேன். ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் 1991இல் 945, 2001இல் 927. இந்தப் பத்தாண்டில் இந்தியர்களின் ஆன்ம நம்பிக்கை குறைந்துபோனதா? ஸ்கேன் கருவிதான் பெருகியது. உசிலம்பட்டி வட்டாரத்தில் பிறந்த பெண் சிசுக்களைக் கொன்றவர்களும், 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வரக் காரணமான குடும்பங்களும் நாத்திகர்கள் அல்லர்; குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தவர்கள். பெண்ணுக்கும் ஆன்மா உண்டு என்ற நம்பிக்கை ஒரு கையைக்கூடத் தடுக்கவில்லை. 1994ஆம் ஆண்டின் சட்டம் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைத் தடை செய்தபோது அது கருவின் ஆன்மாவைப் பற்றி எதுவும் பேசவில்லை. பெண்ணாகப் பிறக்கவிருப்பதே ஒரு குறை என்று அறிவிக்கும் செயலைத் தண்டித்தது. உயிரோடு நடமாடும் பெண்கள் அனைவருக்கும் எதிரான அறிவிப்பு அது. வரதட்சணையும் சொத்துரிமையும் மாமியார் வீட்டு நிர்ப்பந்தமும் பேசப்பட வேண்டிய இடத்தில் ஆன்மாவைப் பேசுவது, குற்றவாளிகளை அறைக்கு வெளியே அனுப்பிவிட்டு விசாரணை நடத்துவது போலாகும்.

பகுத்தறிவு முகாமில் உள்ள என் நண்பர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. “வெறும் சதைத்துண்டு” என்று அவர்கள் சொல்லும்போது எதிர்த்தரப்பின் ஆடுகளத்திலேயே ஆடுகிறார்கள்; ஆன்மா இல்லை என்று நிரூபித்தால் வழக்கு வென்றது என்ற நினைப்பு. பெரியார் ஆன்மாவை மறுத்தவர். ஆனாலும் கர்ப்பத்தடையைப் பற்றி எழுதியபோது மற்றவர்கள் உடல்நலத்தையும் வறுமையையும் காரணம் காட்ட, தாம் பெண்ணின் விடுதலையைக் காரணம் காட்டுவதாகச் சொன்னார். ஆத்திகரும் ஏற்கக்கூடிய காரணம் அது. 1971இல் ஜூடித் தாம்சன் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் இன்னும் ஒரு படி போனார்: கரு முழு மனிதனே என்று வைத்துக்கொண்டாலும், ஒருவருடைய உடலை இன்னொருவர் அவர் சம்மதமின்றி மாதக்கணக்கில் பயன்படுத்த உரிமை எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். அரை நூற்றாண்டு கடந்தும் அந்தக் கேள்விக்கு ஆன்மா பதிலாகவில்லை. தந்தையின் சிறுநீரகம் கிடைத்தால் பிழைக்கும் பிள்ளைக்கும் ஆன்மா இருக்கிறது. மறுக்கும் தந்தையை நாம் தூற்றலாம், கட்டிப்போட்டு அறுக்க நம் நாட்டில் சட்டமில்லை.

சதைத்துண்டு என்ற சொல் இன்னொரு கொடுமையும் செய்கிறது. கலைத்துவிட்டு வந்த பெண்ணுக்கும், கலைந்துபோனதால் அழுகிற பெண்ணுக்கும், தன்னிடமிருந்து போனது என்ன என்று சொல்லிக்கொள்ள ஒரு சொல் வேண்டும். ஜப்பானில் 1948 முதல் கருக்கலைப்பு பெருமளவு சட்டத்துக்கு உட்பட்டது. அங்கே பிறவாமல் போன கருக்களை ‘நீர்க்குழந்தை’ என்பார்கள். கோயில்களில் ஜிசோ என்னும் போதிசத்துவரின் சிறு சிலைக்குச் சிவப்புத் துணி கட்டி, பொம்மை வைத்து, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். சட்டம் அவளைக் குற்றவாளி ஆக்கவில்லை. சடங்கு அவளுக்கு அழ இடம் கொடுக்கிறது. எழுபதுகளுக்குப் பிறகு சில கோயில்கள், சடங்கு செய்யாவிட்டால் நீர்க்குழந்தையின் சாபம் பிடிக்கும் என்று விளம்பரம் செய்து பணம் பார்த்ததும் உண்மை. ஆன்மாவை ஆறுதலுக்கு வைத்திருக்கும் வரை ஒன்று, மிரட்டலுக்கு எடுக்கும்போது வேறு.

மிச்சமிருப்பவை கடினமான கேள்விகள்தாம். 26 வாரக் கரு வெளியே வந்தால் தக்க கருவிகளின் துணையோடு பிழைக்கக்கூடும். இது உடலைப் பற்றிய உண்மை, நாத்திகரும் சரிபார்க்கலாம். எந்த வாரத்துக்குப் பின் அரசு குறுக்கிடலாம், மனநோய் எப்போது ‘தாயின் உயிருக்கு ஆபத்து’ ஆகும், தான் கருவுற்றதையே அறியாதிருந்த பெண்ணின் தாமதத்தை யார் கணக்கில் எழுதுவது என்பவற்றையெல்லாம் வாதிடலாம், தோற்கலாம், மீண்டும் வாதிடலாம். 2023 அக்டோபர் தீர்ப்பையும் அந்தத் தளத்தில் எதிர்க்கவே விரும்புகிறேன்: தற்கொலை எண்ணம் உட்படத் தம் மனநிலையை அந்தப் பெண் நீதிமன்றத்தில் எடுத்துரைத்திருந்தார், மருத்துவக் குழுவின் அறிக்கையும் முன்னால் இருந்தது. பிரசவச் செலவை அரசு ஏற்கும் என்றும் வேண்டுமானால் குழந்தையைத் தத்துக் கொடுக்கலாம் என்றும் சொல்லி அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.